பின்விளக்கும் பால்வண்டியும்

இருட்டிய பிறகு அப்படி ஒரு சத்தத்தைச் செண்பகவல்லி கேட்டதே இல்லை. முதலில் டயர் தேயும் கிறீச். அப்புறம் காரின் முதுகில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை.

ரயில்வே கேட் மூடியிருந்ததால் அப்போதுதான் காரை நிறுத்தியிருந்தாள். பின்சீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை வீறிட்டது. கண்ணாடியில் பார்த்தால், அதே பால்வண்டி. வேலை முடிந்து, காப்பகத்திலிருந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம், மூன்று நாளாக ஹாரன் அடித்தபடியே பின்னால் வருகிற வண்டி. டிரைவர் இறங்கிவந்து காரைத் தட்டி என்னவோ கத்திக்கொண்டிருந்தான். கேட் திறந்ததுதான் தாமதம், அவள் பறந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டாள். தாழை மூன்று தடவை தொட்டுப் பார்த்தாள். கணவனோ கப்பல் வேலையில். காமிலாவுக்குத்தான் போன் போட்டாள்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் காமிலா ஸ்கூட்டரில் வந்தாள். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். செண்பகவல்லியைவிட ஆறு வயது சின்னவள். இருந்தாலும் குரு குருதான். இவள் அவளை மிஸ் என்பாள்; அவள் இவளை அக்கா என்பாள்.

"வண்டியை வித்துடப் போறேன் மிஸ். வேலையையும் விட்டுடறேன்."

"சரி. யாருக்கு விக்கிறீங்க?"

"விளையாடாதீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பின்னாடி வர்றவன் நல்லவனா கெட்டவனான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

காமிலா அந்தப் பழைய காரை ஒருமுறை சுற்றிவந்தாள்.

"இதுல ஏதாவது கை வெச்சீங்களா?"

"நாலு நாள் முன்னாடி பின்விளக்குல ஒரு பல்பு பீஸ் போயிருந்துச்சு. கடையில ஜோடியாத்தான் தருவோம்னாங்க. ரெண்டையும் நானே மாத்திட்டேன்."

"ஒர்க்‌ஷாப் போகலையா?"

"போனா, 'சார் ஊர்ல இல்லையா'ம்பான். எதுக்கு வம்பு? கொஞ்சம் அடம் பிடிச்சுது. துணியைச் சுத்தி ஒரே அழுத்து. சுவரோரமா நிறுத்திப் பார்த்தேன், செக்கச்செவேல்னு எரிஞ்சுது."

"சாவியைக் கொடுங்க. குழந்தையைத் தூக்கிட்டுப் பின்னாடி போய் நில்லுங்க."

உள்ளே உட்கார்ந்து விளக்கைப் போட்டாள் காமிலா. "பிரேக் போட்டிருக்கேனா, விட்டிருக்கேனா?"

"போட்டிருக்கீங்க."

"காலை மடக்கி சீட்டு மேல வெச்சிருக்கேன். இப்போ?"

சிவப்பில் ஒரு மாற்றமும் இல்லை. "விட்டிருக்கீங்க."

"மிதிச்சுட்டிருக்கேன். இப்போ?"

"இப்போ விட்டுட்டீங்க. இல்ல, போட்டிருக்கீங்க. ஐயோ மிஸ், தலை சுத்துது. எப்பவும் ஒரே மாதிரிதானே எரியுது!"

"மூணு நாளா அந்த டிரைவருக்கும் இப்படித்தான் சுத்தியிருக்கும்."

செண்பகவல்லி குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

காமிலா ஸ்க்ரூடிரைவரை நீட்டினாளே தவிர, தான் ஒன்றையும் தொடவில்லை. செண்பகவல்லிதான் மூடியைக் கழற்றி பல்பை எடுத்தாள். அடியில் இரண்டு குமிழ்கள், ஒன்று சற்று மேலே, ஒன்று கீழே; ஒரே பக்கமாகத்தான் பொருந்தும். உள்ளே இரண்டு இழைகள். சின்னது எப்போதும் எரிய, பெரியது பிரேக் மிதித்தால் மட்டும் எரிய. அவள் பக்கம் மாற்றித் திணித்ததில், பெரியது ஓயாமல் எரிந்துகொண்டிருந்தது; பிரேக் மிதித்தால் எரிந்த சின்னது அந்த வெளிச்சத்தில் தெரியவே இல்லை.

அரைச் சுற்றுத் திருப்பி வைத்தாள். விரல் பட்டதுமே உட்கார்ந்துகொண்டது. மற்றதும் அப்படியே.

"இப்போ?" உள்ளேயிருந்து குரல்.

"விட்டிருக்கீங்க."

சிவப்பு பளீரென்று பெருகியது.

"போட்டிருக்கீங்க!"

குழந்தை கை தட்டியது. ஆனால் செண்பகவல்லியின் முகம் தெளியவில்லை. காமிலா ஹெல்மெட்டை மாட்டும்போது கேட்டேவிட்டாள்.

"அப்போ அந்த டிரைவர் நல்லவர்தானா மிஸ்?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. நீங்க நிக்கிறீங்களா போறீங்களான்னு முதல்ல அவருக்குத் தெரியட்டும்."

வந்தவர்கள் செருப்பை மாட்டும் முன்பே கதவைச் சாத்திவிடுகிறவள் செண்பகவல்லி. அன்றைக்குக் குழந்தையோடு வாசலிலேயே நின்றாள். ஸ்கூட்டரின் சின்னச் சிவப்பு தெருவோடு போனது. முனையில் ஒரு கணம் பெரிதாகி, திரும்பி, மறைந்தது.

அதற்கப்புறம்தான் உள்ளே போய்த் தாழ் போட்டாள். ஒரே தடவை.