பிரேக்கை மிதித்த மாப்பிள்ளை

ஊமத்தங்காட்டுப் புதூர்க்காரர்களைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும், சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள் என்று மட்டும் எவரும் சொல்லிவிட முடியாது. சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும்தான் செய்வார்கள். அதில் நாச்சிமுத்துவின் வீட்டாரை மிஞ்ச ஊரிலேயே ஆள் கிடையாது.

நாச்சிமுத்துவுக்கு முப்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் கூடவில்லை. குற்றம் அவன்மேல் இல்லை, பிரேக் பிடிக்காத காரின்மேல். போன மாதம் பெண் பார்க்கப் போனபோது, வாசலில் கைகூப்பி நின்ற பெண்வீட்டாரைப் பதிலுக்குக் கும்பிட்டபடியே இவர்கள் கடந்து போய், நாலு வீடு தள்ளி ஓர் எருக்குழியில் போய்த்தான் நின்றார்கள். "நிக்காமயே போயிட்டாங்க, நம்ம புள்ளையப் பிடிக்கலையாட்ட இருக்குது" என்று பெண்ணின் அப்பா கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது கவிதாமணி என்ற பெண்ணின் ஜாதகம் பொருந்தி வந்திருந்தது. அவள் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாச்சிமுத்து சரியாகத் தூங்கியே நாலு நாளாகிறது. இவளும் கைவிட்டுப் போனால் காலத்துக்கும் ஒண்டிக்கட்டைதான் என்று பயந்துகொண்டிருந்தான். சாயங்காலம் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்குள் காரின் பின்பக்க பிரேக்கை மாற்றியாக வேண்டும்.

மெக்கானிக் குமரேசனோ பிள்ளைக்கு மொட்டை போட மலைக்கோயிலுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். "சக்கரத்தப் பிடிச்சு நிறுத்தற பிரேக் ஷூவ நேத்தே குடுத்துட்டேனல்லோ? நீங்களே மாட்டிப்போடலாம். நான் போன்ல சொல்றத மட்டும் செய்யுங்க, போதும்" என்றார். யாரிடம் இதைச் சொல்கிறோம் என்று மனிதர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

"மொதல்ல முன் சக்கரத்துக்குக் கல்லு வெய்யுங்க. இருக்கறதுலயே கனமான கல்லா வெய்யுங்க."

வீட்டில் இருப்பதிலேயே கனமானது அம்மிக்கல். மாமா பொங்கியண்ணனும் அண்ணன் சின்னுசாமியும் மூச்சு முட்டத் தூக்கி வந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார்கள். பின்னாலேயே அம்மா பாவாயி தேங்காயும் பொட்டுக்கடலையுமாக வந்து, காருக்கு முன்னால் சம்மணம் போட்டுச் சட்னி அரைக்க உட்கார்ந்தாள்.

"வெய்யுங்கன்னுதான சொன்னாரு, அரைக்கக் கூடாதுன்னா சொன்னாரு?" என்றாள்.

"ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கழட்டீராதீங்க" என்றார் குமரேசன். "ஒரு பக்கம் முடிச்சுட்டு அடுத்த பக்கம். அந்தப் பக்கத்தப் பாருங்க, அதே மாதிரி இந்தப் பக்கமும் இருக்கோணும்."

இடது சக்கரத்தைக் கழற்றி, ஷூவை மூடியிருந்த டிரம்மை உருவி, தேய்ந்த ஷூவை எடுத்துப் புதுசை வைத்து, ஸ்பிரிங்கை மாட்டி, அவர் சொல்லச் சொல்ல எப்படியோ ஒழுங்காகவே முடித்துவிட்டார்கள். சக்கரத்தையும் பூட்டினார்கள். அப்புறம் மூன்று பேரும் வலது பக்கம் போய்ப் பார்த்தார்கள். அந்தச் சக்கரத்தில் எருக்குழிச் சாணி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, நம்ம பக்கம் சாணி இல்லீங்களே" என்றான் நாச்சிமுத்து.

"அதே மாதிரின்னா அதே மாதிரிதான். ஒரு சாமான் விட்டுப்போனாலும் பிரேக் பிடிக்காது."

சின்னுசாமி தொழுவத்துக்கு ஓடி ஒரு கூடை சாணி கொண்டுவந்தான். அப்பிவிட்டு, தள்ளி நின்று பார்த்தவன் முகம் சுருங்கியது. "மாமா, அது காஞ்ச சாணிங்க. இது பச்சை."

மாமா கழற்றிப் போட்ட பழைய ஷூவைப் பார்த்தார். "ஷூ புதுசுதான போட்டோம்? அப்பச் சாணியும் புதுசு போடலாம்."

வலது பக்கமும் சாணியோடு முடிந்தது. பாக்கி ஒரே ஒரு வேலை.

"பிரேக் ஆயில் போற குழாயில காத்து நின்னிருக்கும், அத வெளியேத்தோணும்" என்றார் குமரேசன். "ஒருத்தர் உள்ள உக்காந்து பெடல அமுத்தி மிதியுங்க. இன்னொருத்தர் சக்கரத்துக்குப் பின்னால இருக்கற சின்னத் திருகத் தொறந்து மூடுங்க. மிதிக்கறவரு நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்கவே கூடாது. எடுத்தா பிரேக் போச்சு!"

கல்யாணம் யாருக்கோ அவனே மிதிக்க வேண்டும் என்று நாச்சிமுத்துவை உட்கார வைத்தார்கள். அவன் மிதித்தான். மாமா திருகைத் திறந்தார், புஸ்ஸென்று காற்று வந்தது, மூடினார். "மூடியாச்சுங்க" என்றார். போனில் சத்தமே இல்லை. பஸ் மலையேறிவிட்டது. டவர் போய்விட்டது.

வெயில் தாழ்ந்தது. நாச்சிமுத்துவின் கால் மரத்துப்போய், மரத்ததே மறந்துபோனது. காரைச் சுற்றிப் பஞ்சாயத்து கூடியது.

"நாமளே எடுன்னு சொன்னா என்ன?" என்றான் சின்னுசாமி.

"டாக்டரு போடற ஊசிய நாம போட முடியுமாடா?" என்றார் மாமா. பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. காருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, குமரேசனைப் போலவே மூக்கால், "காலை எடுங்க" என்றார்.

நாச்சிமுத்துவுக்கு எடுத்துவிட எவ்வளவு ஆசை! ஆனால் கவிதாமணி சட்டைப்பையில் இருந்தாளே. "உங்க தலை தெரியுதுங்க மாமா" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டான்.

சரி, தள்ளிக்கொண்டாவது போகலாம் என்று அம்மிக்கல்லை எடுத்துவிட்டு எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். கார் இம்மி நகரவில்லை. "பாத்தீங்களா, என்னமாப் பிடிக்குது!" என்று மாமா பூரித்துப்போனார். கடைசியில் ஒரு தேங்காய் லாரியைப் பிடித்து, மேட்டோரம் நிறுத்தி, கயிறு கட்டிக் காரை அதன்மேல் இழுத்து ஏற்றினார்கள். "அப்ப நாம டிரைவர் பக்கத்துல உக்காந்துக்கலாம்" என்றாள் பாவாயி.

"கார்ல வர்றோம்னு வாக்குக் குடுத்தாச்சே அக்கா!" என்றார் மாமா.

ஆக லாரிமேல் கார், காருக்குள் குடும்பம். வளைவு வரும்போதெல்லாம் நாச்சிமுத்து ஸ்டீயரிங்கைத் திருப்பினான், எதிரே வண்டி வந்தால் ஹாரன் அடித்தான். "மெதுவாப் போ கண்ணு" என்றாள் அம்மா. "நான் பிரேக்கதான் மிதிச்சுட்டு இருக்கறேன், இது நிக்கமாட்டேங்குதும்மா" என்றான் அவன்.

கவிதாமணியின் வீடு ஒரு மேட்டின்மேல் இருந்தது. பத்துப் பேர் கூடிக் காரை லாரியிலிருந்து வாசலுக்கு இழுத்து இறக்கினார்கள். பெண்ணின் அப்பா தெய்வசிகாமணி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பிரேக்குன்னா இதுதானுங்க பிரேக்" என்று பாராட்டினார். மாப்பிள்ளை இறங்க முடியாத விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு மரியாதை இன்னும் கூடிவிட்டது. காபி கார் ஜன்னலுக்கு வந்தது. வழக்கப்படி பையனும் பெண்ணும் தனியாகப் பேசட்டும் என்று கவிதாமணியைக் காருக்குள் அனுப்பிவிட்டு எல்லாரும் தள்ளிப் போனார்கள்.

"கால் வலிக்கலீங்களா?" என்றாள் அவள்.

"வலிக்குதுங்க."

"நான் வேணும்னாக் கொஞ்ச நேரம் மிதிக்கட்டுங்களா?"

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு வார்த்தையை அவனிடம் யாரும் கேட்டதில்லை. "ஆளு மாத்தலாம்னு அவரு சொல்லலீங்க" என்றான். "அதுஞ் சரிதானுங்க" என்று அவள் ஒப்புக்கொண்டாள். அவனுக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போனது.

அப்போது மாமா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஸ்பீக்கரில் குமரேசன் அலறினார்: "இன்னுமா மிதிச்சுட்டு இருக்கறீங்க? அட, விடுங்கப்பா!"

நாச்சிமுத்து விட்டான். ஆகா, அந்தக் காலுக்குத்தான் என்ன சுகம்! கார் மெல்ல அசைந்தது. பிறகு வாசலைத் தாண்டி, மாட்டுவண்டி வேகத்தில் சரிவில் இறங்க ஆரம்பித்தது.

"நிறுத்துங்க!" என்றாள் கவிதாமணி.

"எப்பிடீங்க? விடச் சொல்லியிருக்காரே."

அவள் யோசித்தாள். "மறுபடி மிதிக்கச் சொன்னாருங்களா?"

"இல்லீங்க."

"அப்பச் சொல்லட்டும்ங்க" என்று அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேட்டின்மேல் தெய்வசிகாமணி பதறினார். "என்னுங்க, நிக்காமப் போறாரு? புள்ளையப் பிடிக்கலீங்களா?"

"பிடிக்கலைன்னாத் தனியாத்தானுங்க போவான். போன மாசம் அப்பிடித்தான் போனான்" என்றார் பொங்கியண்ணன் நிதானமாக.

தெய்வசிகாமணிக்கு உயிர் வந்தது. வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு எல்லாரும் காருக்குப் பக்கத்திலேயே ஓட, அது ஒரு வைக்கோல் போரில் முட்டி நிற்பதற்குள் தட்டு மாற்றி முடித்துவிட்டார்கள்.

அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். மணமக்கள் கையைக் கோத்துவைத்த பெரியவர், "நான் சொல்ற வரைக்கும் ரெண்டு பேரும் கையை விடக்கூடாது" என்றார். சொல்லிவிட்டு, அவசரமாக வேறொரு கல்யாணத்துக்கு பஸ் ஏறிவிட்டார். தலைப்பிள்ளைக்குக் காது குத்திய அன்றைக்கு நான் போயிருந்தேன். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு கையால் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பொங்கியண்ணன் ஒரு மூலையில் நின்று அந்தப் பெரியவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். டவர் கிடைக்கவில்லையாம்.