அரசி வெண்பிறையின் முகம்

அன்று பகல் பதிப்பகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். பதிப்பாளர் அருணகிரி. ‘முகில் கோட்டை’ என்னும் மாயக்கதை வரிசையை எழுதும் கோமதிநாயகம். அதற்குப் படம் வரையும் திரவியம். திரவியத்தின் மகள் செண்பகம். படங்களை எண்ணி வாங்கி வைக்கும் நான். ஆனால் நான்கு பேர் என்று எண்ணிக்கொண்டுதான் திரவியம் உள்ளே வந்தார்.

முதலில் வந்தவள் செண்பகம். ஆறு வருஷத்துக்கு முன் அவள் ஒருவனை விரும்புவது தெரிந்ததும், திரவியம் அவளை அறையில் விட்டு வெளித்தாழ்ப்பாள் போட்டார். தாழ்ப்பாள் திறந்த அன்றே அவள் போய்விட்டாள். எங்கே என்று அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒன்றாக வந்த ஐந்து புத்தகங்களிலும், அரசி வெண்பிறைக்கு மகளின் முகத்தையே வரைந்தார். புத்தகத்துக்கு ஒரு வயது கூட்டினார். மூன்றாம் புத்தகத்தின் விருந்துப் படத்தில், அரசியின் பால் கிண்ண விளிம்பில் பாலாடை ஒட்டியிருக்கும். “இதை நான் எழுதவே இல்லையே” என்று கோமதிநாயகம் கேட்டபோது, “அவ அப்படித்தான் குடிப்பா” என்றார் திரவியம். படத்தைப் பார்த்து யாராவது அவளை அடையாளம் சொல்வார்கள் என்பது அவர் நம்பிக்கை. கடைசிப் புத்தகம் வரை முகத்தை மாற்றச் சொல்வதில்லை என்று அருணகிரி வாக்குக் கொடுத்திருந்தார்.

செண்பகத்துக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். மேலே படிந்த ஆடையை விரலால் எடுத்து கிளாஸ் விளிம்பில் ஒட்டிவிட்டுக் குடித்தாள்.

“பிள்ளையைக் கூப்பிட பள்ளிக்கூட வாசல்ல நின்னா, நீங்கதானே அந்த ராணின்னு கேக்கறாங்க சார். போன மாசம் ஒருத்தர் போட்டோவே எடுத்துட்டார். அந்த முகத்தை நிறுத்துங்க. நான் வந்தது அப்பாவுக்குத் தெரியக் கூடாது.”

“பாசத்துலதானேம்மா தேடறார்?” என்றார் அருணகிரி.

“பூட்டினதும் பாசத்துலதான் சார்.”

அருணகிரி அவளுக்கும் வாக்குக் கொடுத்தார். முகத்தை மாற்றச் சொன்னால் திரவியம் காரணம் கேட்பார். ஆகவே ஆறாம் புத்தகத்தில் அரசியைச் சாகடிப்பது என்று முடிவாயிற்று. “பட்டாபிஷேகம் வெச்சிருந்தேனேய்யா! அதுக்குத்தானே அஞ்சு புத்தகம் உருட்டினேன்” என்று கோமதிநாயகம் தலையில் கை வைத்தார். பிறகு ஒப்புக்கொண்டார்.

அந்நேரம் மாடிப்படியில் திரவியத்தின் இருமல் கேட்டது. மறுநாள் வர வேண்டியவர். அருணகிரி அவசரமாகச் செண்பகத்தைப் புத்தகக் கிடங்கு அறைக்குள் அனுப்பி, வெளித்தாழ்ப்பாளைப் போட்டார். கிளாஸை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

திரவியம் ஆறாம் புத்தகத்துக்கு வரைந்த ஏழு படங்களை மேசைமேல் வைத்தார். ஐந்தில் அரசி இருந்தாள். அவற்றுள் ஒன்றில் மகுடத்தோடு. அரசி சாகப்போகும் விஷயத்தை மட்டும் அருணகிரி சொன்னார்.

“என்ன சார் விளையாடறீங்களா? எங்கேயோ இருந்து அவ இதைப் பாத்தா, அப்பா என்னைச் சாகடிச்சுட்டார்னுல்ல நினைப்பா?” கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பினார். “ஓய், உம்ம கதையில குதிரைக்கே மூணு உயிரு. என் பொண்ணுக்கு ஒண்ணு தர மாட்டீரா?”

கோமதிநாயகம் தரையைப் பார்த்தார். அருணகிரி படங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கினார். ஒருவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் மற்றவருக்குக் கொடுத்தது போய்விடும்.

அப்போது திரவியத்தின் பார்வை கிளாஸில் பட்டது. விளிம்பில் ஆடை காய்ந்து ஒட்டியிருந்தது. நிமிர்ந்து, தாழிட்ட கிடங்குக் கதவைப் பார்த்தார். மேசையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“சரி. போகட்டும்” என்றார். “கத்தி, ரத்தம்னு வேணாம். மேகத்துக்குள்ள நடந்து போறா. முதுகுப் பக்கமா வரைஞ்சு தர்றேன். இனிமே முகம் வேணாம்.”

வாசலுக்குப் போகும் வழியில்தான் கிடங்கு. அந்தக் கதவருகே நின்றார். தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் விலக்கினார். கதவைத் திறக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அருணகிரி இருவருக்கும் வாக்குக் கொடுத்தார். கோமதிநாயகம் தன் கதையை விட்டுக்கொடுத்தார். செண்பகம் அப்பாவின் குரலைக் கேட்டும் கூப்பிடவில்லை. திரவியம் கதவைத் திறக்கவில்லை. இந்த நால்வரில் யார் செய்தது சரி? கீழே படிக்குமுன் உங்கள் விடையைச் சொல்லிவிடுங்கள்.

என் விடை, திரவியம். கிளாஸைக் கண்டதுமே மகள் உள்ளே இருப்பதும், தன் கண்ணில் பட அவள் விரும்பாததும் அவருக்கு விளங்கிவிட்டன. ஆறு வருஷம் தேடியவருக்கு ஒரு கதவைத் தள்ளுவதுதான் பாக்கி. அருணகிரி நல்லெண்ணத்தோடுதான் தாழ் போட்டார். முன்பு திரவியம் போட்டதும் அப்படித்தான். இந்த முறை அவர் அதை விலக்கிவிட்டு, வருவதை அவளிடம் விட்டார். செண்பகம் செய்தது தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. படியில் சத்தம் அடங்கிய பிறகு வெளியே வந்தாள். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மகுடம் சூடிய படத்தை மட்டும் யாரையும் கேட்காமல் பையில் வைத்துக்கொண்டு போனாள். அரசி இல்லாத இரண்டும் அச்சுக்குப் போயின. மீதி என்னிடம் இருக்கின்றன. நான்கு.