பட்டம் இழந்த கிளி

முன்னொரு காலத்தில் நெய்தலூர் என்ற கடற்கரை நாட்டைக் கனகசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் ஒன்று மனதில் தோன்றினால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். ஒருநாள் பேசும் கிளி வேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்திருந்த வணிகன் ஒருவன் இரண்டு கிளிகளைச் சபைக்குக் கொண்டுவந்தான். உடம்பெல்லாம் அடுப்புச் சாம்பல் நிறம், வால் மட்டும் குங்குமச் சிவப்பு. ஒரு கிளி வணிகனின் தோளில் ஏறிக் காதுக் கடுக்கனைக் கடித்து இழுத்தது. மற்றது கூண்டின் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

"வலிய வருகிற கிளியை எடுங்கள், மகாராஜா. அதுதான் சீக்கிரம் பழகும்," என்றான் வணிகன்.

சபை மரியாதைகளைக் கவனிக்கும் சிங்காரபூபதி குறுக்கிட்டார். "மரியாதை தெரியாத பறவை அது. இதைப் பாருங்கள், தங்கள் முன்னால் தலைகூட நிமிரவில்லை. என்ன அடக்கம்."

அடக்கமான கிளியே அரண்மனைக்குப் போனது. அதற்கு 'ராஜகிளியார்' என்று பட்டம், காலில் தங்க வளையம், பட்டுத்திரை போட்ட தனி அறை. ராஜ பட்டம் பெற்றவர் முன்னால், சபைக் காரியம் பேசும்போது தவிர, மற்றவர்கள் வாய் பொத்தித்தான் நிற்க வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். பழம் வைக்க வந்தவன் ஒரு கையால் பழத்தை வைத்து மறு கையால் வாய் பொத்தினான். பெருக்க வந்தவளும் அப்படியே. கிளி எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தன் மார்பு இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடத் தொடங்கியது.

ராஜாவுக்கு எரிச்சல் வந்தது. "பேசாத கிளி எனக்கு எதற்கு? தை பிறக்கிற அன்று சபையில் பேச வேண்டும். இல்லையென்றால் வேட்டைப் பருந்துக்குப் போடுங்கள்."

"நம் அமைச்சர்தான் எல்லாம் அறிந்தவர் ஆயிற்றே," என்றார் சிங்காரபூபதி. "அவர் பேச வைக்கட்டுமே."

அமைச்சர் அம்பலவாணர் கிளியின் வெறும் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இறந்த பிறகு அவரும் தாடியிலிருந்து ஒவ்வொரு முடியாகப் பிடுங்கும் பழக்கத்துக்கு ஆளாகியிருந்தார். யாரும் அதைக் கவனித்ததில்லை.

"மகாராஜாவின் விருப்பம் தெரிந்தும் வாய் திறக்காத கிளிக்குத் தண்டனை வேண்டாமா?" என்றார் அவர். "முதலில் பட்டத்தைப் பறியுங்கள். வளையத்தைக் கழற்றி என் வீட்டுக்கு நாடு கடத்துங்கள்."

சிங்காரபூபதி சிரித்தார். "அதைவிடக் கொடிய தண்டனை ஏது? அந்த வீட்டில் பல்லிகூடச் சத்தம் போடாதாமே."

சபை சிரித்தது. அம்பலவாணரும் சிரித்து வைத்தார். சிங்காரபூபதி சொன்னது உண்மைதான்.

வீட்டில் முதல் சில மாலைகள் கிளியிடம் என்ன பேசுவதென்றே அவருக்குத் தெரியவில்லை. கிளிக்காகக் கொண்டுவந்தேனா, எனக்காகவா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் பிடிக்கவில்லை, விட்டுவிட்டார். அன்றன்று சபையில் நடந்ததைச் சொல்லிப் பார்த்தார். கொய்யாவை நறுக்கிக் கொடுத்தார். சாப்பிட உட்காரும்போது, மனைவி தன்னைக் கேட்டதுபோல, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். கிளி மெல்ல மெல்ல அருகே வந்தது. பிடரியைச் சொறிந்துவிடச் சொல்லித் தலையைத் தாழ்த்தியது. மார்பில் புது இறகு அரும்பியது. ஆனால் பேசவில்லை.

தை நெருங்கியபோது ஒரு மாலை, அவர் கால் கழுவிக்கொண்டிருக்கையில் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "சாப்பிட்டியா?"

அவருடைய குரலேதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பயம் வந்தது: சபையில் ராஜாவையும் இப்படிக் கேட்டுவிட்டால்? 'மகாராஜா வாழ்க' என்று சொல்லிக் கொடுத்தார். கிளி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

தை பிறந்தது. பருந்துக்காரன் பருந்தோடு காத்து நின்றான். கிளியைக் கொண்டுவந்து வைத்தார்கள். சபை முழுக்க வாய் பொத்தி நின்றது. ராஜா இறங்கிவந்து குனிந்தான்.

கிளி தலை சாய்த்து அவன் முகத்தைப் பார்த்தது. "சாப்பிட்டியா?" என்றது.

"மகாராஜாவிடம் அடுப்படிப் பேச்சா?" என்று சீறினார் சிங்காரபூபதி. "அமைச்சர் திட்டமிட்டே அவமதித்துவிட்டார்."

ராஜா கையை உயர்த்தி அவரை நிறுத்தினான். "இன்னும் இல்லை," என்று கிளியிடம் சொன்னான். பிறகு அமைச்சரைப் பார்த்தான். "வேளாவேளைக்குக் கொண்டுவந்து வைக்கிறார்கள். யாரும் கேட்டதில்லை. என்ன வித்தை செய்தீர்?"

"ஒன்றுமில்லை, மகாராஜா. பட்டம் போனதும் அதன் முன்னால் வாய் திறந்து பேச முடிந்தது."

"என் பட்டத்தைப் பறிக்க வழி உண்டா?"

"அந்த அதிகாரம் எனக்கில்லை."

ராஜா சிங்காரபூபதியின் பக்கம் திரும்பினான். "இனி நீர் தினமும் கிளியோடு பேச வேண்டும். புகழ்ச்சி ஒரு வார்த்தை வரக்கூடாது. இப்போதே தொடங்கும்."

சிங்காரபூபதி தொண்டையைக் கனைத்தார். "செம்பவள வாலுடைய..."

"புகழ்ச்சி," என்றான் ராஜா.

வாய் திறந்தார், மூடினார். அவ்வளவு வருடம் சபையில் இருந்தவரிடம் சொல்ல வேறொன்றும் இல்லை. கிளி அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

"உமக்கு என்ன வேண்டும், அம்பலவாணரே? எதுவானாலும் கேளும்."

கிளியைத்தான் கேட்பது என்று வழியெல்லாம் தீர்மானித்து வந்திருந்தார். ஆனால் கிளி அதற்குள் ராஜாவின் கைமேல் ஏறிக்கொண்டிருந்தது. ராஜா மூச்சுவிடவும் பயந்தவனாக, கையை அசைக்காமல் நின்றான். அமைச்சர் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தார்.

"அதைத் தனி அறையில் அடைக்கக் கூடாது," என்றார். "கடிக்க வேப்பங்குச்சி வேண்டும். குளிக்கத் தாம்பாளத்தில் தண்ணீர். கொய்யா என்றால் உயிர். பிடரியைச் சொறிந்தால் கண் மூடும்."

"உமக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்."

"அவ்வளவுதான், மகாராஜா."

ராஜா அவரைக் கூர்ந்து பார்த்தான். "இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போம்," என்றான்.

இருவருக்கும் எதிரெதிரே இலை போட்டார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள்.

"குழம்பில் உப்பு குறைவு," என்றான் ராஜா கடைசியில்.

'ஆமாம் மகாராஜா' என்பது பழக்கத்தில் அமைச்சரின் தொண்டை வரை வந்தது. அதைச் சோற்றோடு விழுங்கினார்.

"எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது," என்றார்.

ராஜா நிமிர்ந்தான். அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"வீட்டில் உமக்கு யார் சமைப்பது?" என்று கேட்டான்.