தோளில் கிடந்த துண்டு

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டைத் திருமேனியன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். மனதில் ஒன்று தோன்றிவிட்டால் அப்போதே அது நடந்தாக வேண்டும் அவருக்கு. ஒருநாள், மேகம் மலையைத் தொடுகிறதா என்று பார்க்க ஆசை வந்தது. பல்லக்கில் ஏறி மலைக்குப் போனார். மேகத்தைக் காணோம். இறங்கிவந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி போனார். அப்போதும் காணோம். அவர் ஏறியது, இறங்கியது எல்லாம் நான்கு பேர் தோளில்.

மறுநாள் ராஜா சபைக்கு வந்தார். அந்த நாட்டில் ராஜாவைக் கண்டால் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். எல்லோரும் கட்டினார்கள். பல்லக்குத் தூக்கும் பெரியாண்டி மட்டும் துண்டைத் தோளிலேயே விட்டுவிட்டுத் தலை குனிந்து நின்றான்.

சேனாபதி வல்லபராயருக்கு வாயெல்லாம் பல். பெரியாண்டியை வேலைக்குச் சேர்த்தவர் அமைச்சர் ஆதிமூலம். அமைச்சர் பேர் எடுத்தாலே சேனாபதிக்கு வயிறு எரியும்.

"பார்த்தீர்களா பிரபு? திமிர். சேர்த்துவிட்ட இடம் அப்படி."

"உடம்பெல்லாம் கொழுப்பு," என்றார் ஒருவர். "இவன் அப்பனும் இப்படித்தான்," என்றார், அவன் அப்பனைப் பார்த்தே இராத இன்னொருவர். ஏன் என்று அவனை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

"துண்டோடு மூன்று நாள் கோட்டை வாசலில் வெயிலில் நிற்கட்டும்," என்றார் ராஜா.

அமைச்சரும், "திமிர்தான்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை வாங்கிக் கொடுத்த எனக்கே தலைகுனிவு தேடித் தந்துவிட்டானே என்று கோபம் அவருக்கு. எவ்வளவு பெரிய புத்திசாலி, பாருங்கள்.

மூன்றாம் நாள் காலை கோட்டைக்குள் வரும்போதுதான் கவனித்தார். துண்டில் ஈ மொய்த்தது. தொட்டுப் பார்த்தார். துணி தோளோடு ஒட்டியிருந்தது. பெரியாண்டியின் உடம்பு அனலாகக் கொதித்தது.

"தோள் புண்ணானதை ஏனப்பா சொல்லவில்லை?"

"எப்படிச் சொல்றது சாமி? ராசா கனம்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

வைத்தியரை அங்கே வரவழைத்துவிட்டு அமைச்சர் சபைக்கு ஓடினார்.

"பிரபு, ஒரு வழக்கு. கோயில் பிரசாதம் வந்தபோது ஒருவன் எழுந்து நிற்கவில்லை. ஏனாக இருக்கும்?"

"ஆணவம். வேறென்ன?" என்றார் வல்லபராயர். "நூறு கசையடி கொடுக்கலாம்."

"சாமிக்கே எழாதவனா? யார் அவன்?" என்றார் ராஜா.

"நேற்றுக் காலை தாங்கள்தான், பிரபு."

"எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது ஐயா," என்றார் ராஜா.

"தங்களுக்குக் கால் மரத்தது. பெரியாண்டிக்குத் தோள் கிழிந்திருக்கிறது. மலைக்கு இரண்டு முறை போனோமே. துண்டை எடுத்தால் தோலும் சேர்ந்து வரும். அதைத்தான் நாம் எல்லோரும் திமிர் என்றோம். நானும்தான்."

ராஜா வல்லபராயரைப் பார்த்தார். சேனாபதி தரையைப் பார்த்தார். ராஜா செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார்.

வைத்தியர் எழுந்து ஒதுங்கி நின்றார். பெரியாண்டி கோட்டைச் சுவரில் சாய்ந்தபடியே இறந்துபோயிருந்தான்.

ராஜா தன் மோதிரத்தைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினார். "மூன்று நாள் தாமதமாக வந்த புத்திக்குப் பரிசு எதற்கு பிரபு?" என்று அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

பாடை தூக்க, அவனோடு பல்லக்குத் தூக்கிய மூன்று பேர் இருந்தார்கள். நான்காவது ஆள் பாடையில் கிடந்தான். ராஜா அதன் எதிரே வந்து, தன் பட்டுத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறும் தோளை மூங்கிலுக்குக் கொடுத்தார்.

வழியெல்லாம் அவர் கண்ணில் நீர் வழிந்தது. "மூங்கில் உறுத்துகிறது," என்றார் ஒருவர். "ஊர் மெச்ச அழுகிறார்," என்று வல்லபராயர் முணுமுணுத்தார்.

தெருமுனையில் பாடையை இறக்கினார்கள். பெண்கள் அதற்குமேல் போகக்கூடாது. பெரியாண்டியின் மனைவி வெள்ளையம்மா ராஜாவின் அருகே வந்து நின்றாள். அவள் ஒருத்திதான் கேட்டாள்.

"ஏன் அழுவுறீங்க சாமி?"

"அவன் கனமே இல்லை, தாயே," என்றார் ராஜா.