ராஜா போட்ட துளை

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று யாரும் குறுக்கே கேட்கக் கூடாது, கேட்டால் கதையை இங்கேயே நிறுத்திவிடுவேன், ஒரு நாட்டை அதிரூபமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். பெயரில்தான் அதிரூபம். ஆளைப் பார்த்தால் நெல் மூட்டைக்குக் கிரீடம் வைத்தது போல இருப்பான். நல்லவன்தான், ஆனால் உள்ளங்கையில் சதா வேர்வை.

அந்த வேர்வையால் வந்ததுதான் இத்தனை கூத்தும். அந்த ராஜ வம்சத்துக்கு ஓர் இரும்புத் தண்டு உண்டு. கொள்ளுப்பாட்டன் போருக்கு எடுத்துப் போனது. செங்கோலுக்குப் பதிலாக அதைத்தான் ராஜா ஊர்வலத்தில் பிடித்துக்கொண்டு வர வேண்டும். ஆண்டுதோறும் கோயில் வாசலில் அதைத் தராசில் ஏற்றி, ஒரு கருங்கல்லுக்கு எதிரே நிறுத்துப் பார்ப்பார்கள். தண்டின் எடை ஒரு குண்டுமணி குறைந்தால்கூட ராஜாவின் ஆயுசு குறையும் என்பது அந்நாட்டு நம்பிக்கை. ஆகவே துரு தின்றுவிடாமல் இருக்க எண்ணெய் தடவித் தடவி வைத்திருந்தார்கள். எண்ணெய்த் தண்டு, வேர்வைக் கை. கேட்க வேண்டுமா? தேரோட்டத்தன்று தண்டு வழுக்கி, ராஜாவின் கால் கட்டைவிரல் மேலேயே பொத்தென்று விழுந்தது. "ஐயோ அம்மா!" என்று ராஜா போட்ட கூச்சலை வாழ்த்தொலி என்று நினைத்துக்கொண்டு ஜனங்களும் கூடவே கூச்சல் போட்டார்கள்.

மறுநாள் ராஜா கட்டுப் போட்ட காலை முக்காலிமேல் நீட்டியபடி சபையில் உட்கார்ந்திருந்தான்.

"தண்டின் நுனியில் ஒரு துளை வேண்டும். அதில் பட்டுக்கயிறு கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்ளப் போகிறேன். ஆனால் இரும்பு ஒரு குண்டுமணியும் குறையக் கூடாது" என்றான்.

முதலில் வாயைத் திறந்தவர் பிரதானி உத்தண்டர். எதற்கெடுத்தாலும் "மகாராஜாவுக்காக உயிரையும் கொடுப்பேன்" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்கிற மனுஷன். அவர் உயிரை யாரும் கேட்காததால் அந்த வசனம் இத்தனை நாள் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"மகாராஜா, துளை என்றாலே அங்கிருந்த இரும்பு போய்விட்டது என்றுதானே பொருள்? இது எவராலும் ஆகாத காரியம்."

உத்தண்டர் கிழக்கு என்றால் மேற்கு என்று சொல்லாவிட்டால் ஒருவனுக்குச் சோறு இறங்காது. அவன்தான் அரண்மனை விகடன் மொட்டையாண்டி. வாயில் அடக்கியிருந்த பணியாரத்தை விழுங்கக்கூடப் பொறுக்காமல், "இதெல்லாம் ஒரு காரியமா?" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தான். அவன் வழக்கமே அதுதான்.

உத்தண்டரின் முகம் மலர்ந்தது. முன்பெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற பெருமை அவருக்குத்தான் இருந்தது. இந்த மொட்டைத்தலையன் வந்து அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

"அப்படியானால் அவனே செய்யட்டும் மகாராஜா. கொல்லர் எவரும் கை வைக்கக் கூடாது. வருகிற பௌர்ணமியன்று சபையார் பார்க்கச் செய்ய வேண்டும். எவன் கை பட்டு இரும்பு குறைகிறதோ அவனை மொட்டையடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி நாட்டைவிட்டே துரத்த வேண்டும்."

"அவன் ஏற்கெனவே மொட்டையாயிற்றே" என்றான் ராஜா.

"மீசை இருக்கிறதே, மகாராஜா!"

"சரி, அப்படியே உத்தரவு" என்றான் ராஜா. மொட்டையாண்டி மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மீசை போனால் முளைக்கும். நாடு போனால்? வேறெந்த நாட்டில் வேளாவேளைக்கு நெய்ப் பணியாரம் போட்டு, பேசுவதற்குச் சம்பளமும் கொடுப்பார்கள்?

நேரே பேராச்சியின் கொல்லுப் பட்டறைக்கு ஓடினான். பேராச்சிக்குச் சம்மட்டி பிடித்த தோள், ஊர் எல்லைவரை கேட்கிற தொண்டை. அவள் புருஷன் உலையில் துருத்தி ஊதிக்கொண்டிருந்தான். அவள் பேசும்போது வேறு யாரும் பேச முடியாது என்பதால் அவன் பேசுவதையே விட்டுவிட்டிருந்தான்.

"அம்மா தாயே, நீங்கள் தண்டைத் தொட வேண்டாம். எனக்குக் கற்றுக்கொடுத்தால் போதும்" என்று மொட்டையாண்டி கும்பிட்டான்.

"அதுக்கென்ன, இந்தத் துண்டு இரும்புல அடிச்சுப் பாருங்க சாமி" என்று உளியும் சுத்தியலும் கொடுத்தாள் பேராச்சி.

அவன் இரும்பை அடுப்பில் காட்டினான், எடுத்தான், ஒரு வெற்றிலை போட்டான், பிறகு அடித்தான். டங்கென்று சத்தம் வந்தது. இரும்பில் ஒரு கீறல்கூட இல்லை. உளியின் மூக்குத்தான் மழுங்கியது.

"இரும்பு கறுத்த பொறவு அடிச்சு என்ன சாமி பிரயோசனம்? நல்லாச் செவந்து, செவப்பு மஞ்சளுக்குத் திரும்புறப்ப எடுத்து, எடுத்த கையோட அடிக்கணும்!"

மறுபடி காய்ச்சினான். இந்த முறை உளி வெண்ணெயில் போகிறாற்போல இறங்கியது. அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடித்தான், அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் உளியும் சேர்ந்து சிவந்து, இளகி, உள்ளேயே சிக்கிக்கொண்டது. பேராச்சியின் புருஷன் தலையில் அடித்துக்கொண்டான். அன்று அந்தப் பட்டறையில் சரியாகப் பட்ட அடி அது ஒன்றுதான்.

"உளிய உள்ளயே குடியிருக்க விட்டா அப்படித்தான். ரெண்டு தட்டு தட்டு, வெளிய எடு, தண்ணியில முக்கு. துளைக்குள்ள ஒரு சிட்டிகை கரித்தூள் போடு, அப்பதான் ஒட்டாது. பாதி தூரம் போனதும் இரும்பைப் புரட்டு. பின்னால கறுப்பா ஒரு பொட்டுத் தெரியும். அந்தப் பொட்டு மேல அடிச்சா ரெண்டு பக்கமும் சந்திச்சுக்கும்."

"எல்லாம் சரி தாயே. அந்த இடத்து இரும்பு எங்கே போகும்?"

"எங்க போவும்? ஒதுங்கும். கூட்டத்துக்கு நடுவுல யானை வந்தா சனங்க ரெண்டு பக்கமும் ஒதுங்குறாங்கல்ல, அந்த மாதிரி. வட்டமுனை உளின்னா நடுவுல ஒரு வில்லை தெறிச்சுடும், அது நட்டம். தட்டைமுனை உளியால பொளந்து வச்சுட்டு, பொறவு இதை உள்ள எறக்குனா வாய் அகண்டு வட்டத் துளையாயிடும்" என்று பனங்கிழங்கு போல நுனி கூர்ந்து இடை பருத்த ஓர் ஆணியை எடுத்துக் காட்டினாள்.

மொட்டையாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நிலைக்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் இரும்பிலிருந்து கறுப்புச் செதில் பொலபொலவென்று உதிர்வதைப் பார்த்துவிட்டான்.

"இது என்ன தாயே உதிர்கிறது?"

"சூட்டுல மேல்தோல் உரியுது. அதை யாராலயும் தடுக்க முடியாது சாமி."

"ஐயையோ, எடை குறையுமே!"

"குறையத்தான் செய்யும். அது மட்டுமா? ராசாவோட தண்டு இதுமாதிரி துண்டு இரும்பு இல்ல. அதைப் பிடிக்க ஒரு ஆள், உளியப் பிடிக்க ஒரு ஆள், சம்மட்டி போட ஒரு ஆள் வேணும். உங்களுக்கு இருக்குறது ரெண்டு கை. இதுக்குத்தான் நாங்கள்லாம் கல்யாணம் பண்ணிக்கிறது. உங்க வீட்டுக்காரிய சம்மட்டி போடச் சொல்லுங்களேன்."

"அவள் கையில் சம்மட்டியைக் கொடுத்தால் அது இரும்பின்மேலா விழும்?" என்று தலையைத் தடவிக்கொண்டான் மொட்டையாண்டி.

அவன் உடைந்துபோய் உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். எப்படிச் செய்தாலும் எடை குறையும். எவன் கை பட்டுக் குறைகிறதோ அவனுக்குக் கழுதை. எவன் கை பட்டு... எவன் கை... திடீரென்று துள்ளி எழுந்து கெக்கெக்கே என்று சிரித்தான். அடுப்புச் சூடு மூளைக்கு ஏறிவிட்டது என்று பேராச்சி ஒரு குடம் தண்ணீரை எடுத்து அவன் தலையில் ஊற்றினாள்.

பௌர்ணமி வந்தது. அரண்மனை முற்றத்தில் உலை மூட்டியாயிற்று. ஓரமாக ஒரு கழுதையை உத்தண்டர் முன்யோசனையோடு கட்டி வைத்திருந்தார். தண்டின் நுனி மஞ்சளாகப் பழுத்ததும் மொட்டையாண்டி அதை இரு கையாலும் பிடித்து, இரும்பை வைத்து அடிக்கிற பட்டடைமேல் வைத்துவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தான்.

"மகாராஜா, என் இரண்டு கையும் தண்டுக்கே சரியாய்ப் போய்விட்டன. கொல்லர்தான் தொடக் கூடாது என்று உத்தரவு. கொல்லரல்லாத பலசாலி ஒருவர் சம்மட்டி போட வேண்டும். இந்தச் சபையில் தங்களைவிடப் பலசாலி என்று எவரையாவது சொன்னால் அது ராஜதுரோகமாகிவிடுமே, என்ன செய்வது?"

ராஜாவின் கண்கள் விரிந்தன. எதையாவது ஓங்கி அடிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஆசை. யாரும் விட்டதில்லை. கட்டைவிரல் வலியை மறந்து சம்மட்டியைத் தூக்கிவிட்டான்.

"உளியைப் பிடிக்க ஒருவர் வேண்டும் மகாராஜா. தங்கள் குறிமேல் அசையாத நம்பிக்கை உள்ளவர். தங்களுக்காக உயிரையும் கொடுக்கிறவர்."

சபை மொத்தமும் உத்தண்டரைத் திரும்பிப் பார்த்தது.

"எனக்கு... இடுப்புப் பிடிப்பு..." என்றார் உத்தண்டர்.

"பிரதானியாரே, என் குறி தப்பும் என்கிறீரா?" என்றான் ராஜா.

பிறகென்ன, இடுக்கியால் உளியைக் கவ்விக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இஷ்ட தெய்வம் கஷ்ட தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டார் உத்தண்டர். ராஜா ஓங்கினான். முதல் அடி பட்டடையில் விழுந்தது. "பிரமாதம் மகாராஜா!" என்று சபை கைதட்டியது. இரண்டாவது அடி உத்தண்டரின் தலைப்பாகையை உரசிக்கொண்டு போனது. "அபாரம்!" என்றது சபை. மூன்றாவது அடி உளிமேலேயே விழுந்தது.

"எடுங்கள் பிரதானியாரே! தண்ணீரில் முக்குங்கள்! கரித்தூள்! கண்ணைத் திறந்துகொண்டு வையுங்கள் ஐயா!" என்று மொட்டையாண்டி அதட்டினான். வாழ்நாளில் அவன் பிரதானியை அதட்டியது அதுதான் முதல் தடவை. பணியாரத்தைவிட இனித்தது.

புரட்டினார்கள். கறுப்புப் பொட்டுத் தெரிந்தது. பின்பக்கமும் பிளந்தது. பனங்கிழங்கு ஆணியை ராஜா மூச்சிரைக்க அறைந்து இறக்க, தண்டின் நுனி இரு பக்கமும் புடைத்து, நடுவில் ஒரு துளை வட்டமாக வாயைத் திறந்தது. தண்ணீரில் போட்டதும் சொய்யென்று ஆவி கிளம்பியது.

"நான் போட்ட துளை! நான் போட்டது!" என்று ராஜா ஒற்றைக் காலில் குதித்தான். துளை வழியாக ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான்.

"தராசு வரட்டும்!" என்று கத்தினார் உத்தண்டர். கை கால் முழுசாக மிஞ்சிய தைரியம் அவருக்கு. ஒரு தட்டில் கருங்கல், மறு தட்டில் தண்டு. கல் மெல்லக் கீழே இறங்கியது.

"குறைகிறது! குறைகிறது! எவன் கை பட்டு இரும்பு குறைந்ததோ அவனைக் கழுதைமேல்..."

பேச்சு அப்படியே நின்றுவிட்டது. எதிரே ராஜா, கையில் சம்மட்டியோடு, அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன் நிறுத்திவிட்டீர்?" என்றான் ராஜா. "கழுதைமேல் யாரை?"

"சம்மட்டி ஓங்கியது நானில்லை, அடித்தது நானில்லை, உளி பிடித்ததும் நானில்லை" என்றான் மொட்டையாண்டி பணிவாக. "யார் யார் என்பதைப் பிரதானியார்தான் சொல்ல வேண்டும். நிபந்தனை அவர் வகுத்தது."

உத்தண்டர் சட்டென்று தரையில் குப்புற விழுந்தார். "குறையவில்லை மகாராஜா! இதோ, இங்கேதான் இருக்கிறது!" என்று பட்டடையைச் சுற்றிக் கிடந்த செதில்களை எச்சில் தொட்ட விரலால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்துத் தட்டில் போட்டார். போதவில்லை. உலையடியில் நுழைந்து தேடினார். அதுவும் போதவில்லை. மேலே ஒட்டியது, தெறித்தது எல்லாம் விழட்டும் என்று தம் பட்டு அங்கவஸ்திரத்தை அவிழ்த்துத் தட்டின்மேல் உதறு உதறென்று உதறினார். கருங்கல் மேலே எழும்பி, தண்டுக்குச் சமமாக நின்றது.

"மகாராஜாவின் ஆயுசு நூறு!" என்று கத்திவிட்டு, முகமெல்லாம் கரியும் புள்ளியுமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கரும்புள்ளி குத்த வேறு ஆள் தேவைப்படவில்லை. அந்த முகத்தைப் பார்த்த ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்தான், சிரித்தான், சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அடேய் மொட்டையாண்டி, அடித்தவன் நான், பிடித்தவர் பிரதானி. நீ என்னதான்டா செய்தாய்?"

"வேலை வாங்கினேன் மகாராஜா. அது அடிக்கிறதைவிடக் கஷ்டம். சந்தேகம் இருந்தால் தாங்கள் தினமும் செய்கிறீர்களே, தங்களையே கேட்டுப் பாருங்கள்."

ராஜா தன் கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றி மொட்டையாண்டிக்குப் போட்டான். வேர்வைக் கை, சுலபமாகவே கழன்றது. மீசைக்கும் மீசைக்குரியவனுக்கும் நாட்டில் நிரந்தர இடம் என்று அங்கேயே உத்தரவும் போட்டான். பிறகு, குழந்தை பொம்மையைப் பார்க்கிற மாதிரி சம்மட்டியைப் பார்த்தான்.

"பிரதானியாரே, அரண்மனையில் துளை போடாத இரும்பு இன்னும் நிறைய இருக்கிறதல்லவா? நாளை விடிந்ததும் வந்துவிடும். உளியைப் பிடிக்க உம்மைவிட்டால் எனக்கு யார்?"