மூன்றாவது செடி

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துக் கோயிலின் சமையல்காரர் பிச்சுமணி, வாசலிலிருந்த வெள்ளை ரோஜாப் புதரின் அடியில் மண்வெட்டியை இறக்கினார். கமிட்டித் தலைவர் டாக்டர் சந்தானம் ஓடிவந்தார்.

“என்ன காரியம் பண்றீர்? அது ஜார்ஜியா மாநிலத்தோட பூ. நாளைக்கு செனட்டர் வரார்.”

“இந்த மண்ணிலே பொறக்காத செடி ஒண்ணும் இருக்கப்படாது, என் கறிவேப்பிலையை வெட்டணும்னு நீங்கதானே சொன்னேள்?”

“அதுக்கு?”

“இது சீனாவிலேருந்து வந்ததுன்னு நீங்க வச்ச பலகையிலேயே போட்டிருக்கு. அடுத்தது மாநிலப் பழம், பீச். அதுவும் சீனாதான். என் கறிவேப்பிலை மூணாவது. வரிசையா வரேன்.”

தலைவர் பலகையை முதல்முறையாகப் படித்தார். பிறகு மண்வெட்டியை வாங்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனார்.

மாலையில் குளிர் இறங்கியது. எட்டு வருஷமாகச் செய்வதுபோல, பிச்சுமணி பழைய வேட்டியொன்றைக் கறிவேப்பிலைக்குப் போர்த்தினார். இன்னொன்றை ரோஜாவின் வெட்டுப்பட்ட வேரில் சுற்றினார்.