தலையில் ஒரு படப் புத்தகம்

“மேடம், இந்தப் பிள்ளைங்க என்கிட்ட வாயே திறக்க மாட்டேங்குது.”

ஜெபக்கனி தலைமையாசிரியையின் அறைக்குள் நுழைந்ததுமே கொட்டிவிட்டாள்.

நம்மூர் நாசரேத்துப் பெண். இதற்கு முன் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. வியட்நாமில் கடலோர ஊர் ஒன்றின் மழலையர் பள்ளிக்கு இங்கிலீஷ் டீச்சராக வந்திருந்தாள். “போன வேகத்துல திரும்பி வருவா, பாருங்க” என்று அண்ணன் வழியனுப்பி வைத்திருந்தான். நல்ல அண்ணன்!

வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் வகுப்பைப் பார்க்க வருகிறார்கள். அன்றைக்கும் பிள்ளைகள் ஊமையாக உட்கார்ந்திருந்தால் வேலை போச்சு. அண்ணன் வாக்கு பலித்துவிடும்.

“திட்டுகிறாயா?” என்று கேட்டார் தலைமையாசிரியை லான் மேடம். பேச்சில் சிக்கனக்காரி.

“ஐயோ, இல்ல மேடம்! ஒரு பிள்ளை சரியாச் சொல்லிட்டாப் போதும், குட், குட்னு தலையில தூக்கி வச்சு ஆடாத குறைதான். முதல் தடவை சொல்லுது. மறுபடி கேட்டா வாயில கொழுக்கட்டை.”

அவர்கள் பேசியது இங்கிலீஷில்தான். அதில் கொழுக்கட்டையை அவள் எப்படிச் சொன்னாளோ, யாருக்குத் தெரியும்.

அன்று காலை லான் மேடம் ஜன்னலோரம் நின்று வகுப்பைப் பார்த்திருந்தார். அதை அவர் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து இருப்பதிலேயே தடியான படப் புத்தகத்தை எடுத்தார். ஜெபக்கனியின் தலையில் வைத்தார்.

“இது விழாமல் பாடம் நடத்து.”

“எதுக்கு மேடம்?”

அவர் அதற்குள் கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

எங்க ஊர்ல படிக்காத பிள்ளைக்குத்தான் தண்டனை, இங்க டீச்சருக்கேவா என்று முணுமுணுத்துக்கொண்டே வகுப்புக்குள் போனாள்.

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

புத்தகம் விழவில்லை. நடந்தாள், விழவில்லை. முழங்காலை மடக்கி உட்கார்ந்து அட்டையை எடுத்தாள், அப்போதும் விழவில்லை. பரவாயில்லையே என்று அவளுக்கே ஒரு பெருமை.

மீன் படம் போட்ட அட்டையைக் காட்டினாள். முன் வரிசையில் ஹோவா என்கிற வாண்டு எழுந்தாள்.

“ஃபிஷ்.”

“குட்!”

தடால்!

ஹோவாவின் முகம் சுருங்கிப்போனது. சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெபக்கனி புத்தகத்தை எடுத்து மறுபடி தலையில் வைத்தாள். வாழைப்பழம் காட்டினாள். ஒரு பையன் சரியாகச் சொன்னான்.

“குட், குட்!”

தடால்!

அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

மூன்றாவது பிள்ளை பதில் சொன்னபோது புத்தகத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதற்கு அடியில் அவள் தலை சும்மா இருக்கவில்லை. இடது பக்கம் போகத் துடித்தது. பிறகு வலது பக்கம்.

அப்படியே திரும்பிப் பார்த்தாள். லான் மேடம் வாசலில் நின்றார்.

“மேடம், இங்க ‘ஆமாம்’னா எப்படித் தலையாட்டுவீங்க?”

மேடம் தலையை மேலும் கீழும் அசைத்தார்.

“இல்லைன்னா?”

பக்கவாட்டில் அசைத்தார்.

“யம்மாடி!” என்று ஜெபக்கனி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அப்போ வந்த நாள்லேருந்து நான் வாயால குட்னு சொல்லி, தலையால இல்லைன்னு சொல்லிட்டிருந்தேனா!”

மேடம் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

ஜெபக்கனி பிள்ளைகளைப் பார்த்தாள். தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். ஊரில் ஆட்டுகிற மாதிரி ஆட்டினாள். கூடவே கட்டைவிரலை உயர்த்தி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். திரும்பத் திரும்பச் செய்தாள்.

ஹோவாவுக்குத்தான் முதலில் புரிந்தது. கையைத் தட்டிச் சிரித்தாள். வகுப்பே உருண்டு சிரித்தது.

வெள்ளிக்கிழமை வரை அவள் கண்ணாடி முன் நின்று மேலும் கீழும் தலையாட்டிப் பழகினாள். ஓணான் மாதிரி இருந்தது. இருக்கட்டுமே!

அன்று சுவரோரம் பெற்றோர்கள் நின்றார்கள். ஒவ்வொரு அட்டைக்கும் பிள்ளைகள் முந்திக்கொண்டு கத்தினார்கள். ஓணானும் விடாமல் தலையாட்டியது.

கடைசியில் ஹோவா மீன் அட்டையைப் பிடுங்கி டீச்சரிடமே நீட்டினாள். அவர்கள் பாஷையில் என்னவோ கேட்டாள். இதற்கு எங்க பாஷையில பேரைச் சொல்லு பார்ப்போம் என்கிற தோரணை.

“கா” என்றாள் ஜெபக்கனி பயந்துகொண்டே.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு எல்லாத் தலைகளும் ஆடின. இடது, வலது, இடது, வலது.

பெற்றோர்கள் பதறினார்கள். “டீச்சர் சரியாத்தானே சொன்னாங்க! ஏன் இல்லைங்குதுங்க?”

ஜெபக்கனிக்குக் கண் நிறைந்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு, அலமாரிப் பக்கம் நின்ற லான் மேடத்திடம் போனாள்.

“மேடம், நான் இங்க இருக்கலாமா?”

மேடம் அலமாரிக் கதவைச் சாத்தினார். தலையை மட்டும் அசைத்தார். இடது பக்கம், வலது பக்கம். பழக்கமில்லாத கழுத்து, லேசாகச் சுளுக்கிக்கொண்டது.